முதலில் ஓடுபவள்

புக்கிட் ஜாலில் தேசிய ஹாக்கி அரங்கத்தில் அன்று மாலை கூட்டம் அதிகமில்லை. விளையாட்டாளர்களின் பெற்றோர் சிலரும் பள்ளி மாணவிகள் சிலரும் அமர்ந்திருந்தனர். அவர்களுக்கிடையே நானும் அம்மாவும் இருந்தோம். எழுபது வயதைக் கடந்த அம்மா ஹாக்கி ஆட்டம் பார்க்க வந்தது அதுவே முதல் முறை. மலேசிய ஹாக்கி லீக்கின் மகளிர் பிரிவில் என் அண்ணன் மகள் ஆடுகிறாள். “ஒரு தடவையாவது வாங்க, பாட்டி” என்று அவள் கெஞ்சியதால்தான் அம்மா இசைந்தார்.

எனக்கும் ஹாக்கிக்கும் பழைய உறவு உண்டு. நான்காம் படிவம் வரை பள்ளி அணியில் ஆடினேன். ஒருநாள் பந்து பட்டு, முழங்கால் வீங்கி வீடு திரும்பினேன். “இது ஆண்பிள்ளைகள் விளையாட்டு. இனி உனக்கு வேண்டாம்” என்றார் அம்மா. என் மட்டையைத் துணியில் சுற்றி அலமாரியின் மேல் வைத்துவிட்டார். நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அம்மாவை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆண்கள் ஹாக்கி 1908ஆம் ஆண்டிலேயே ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. பெண்கள் ஹாக்கிக்கு அந்த வாய்ப்பு 1980ஆம் ஆண்டில், மாஸ்கோவில்தான் கிடைத்தது. இடையில் 72 ஆண்டுகள்! இன்றோ நம் நாட்டு மகளிர் அணிகள் விவியன் மே சோர்ஸ் கிண்ணத்துக்காக லீக்கில் மோதுகின்றன.

ஆட்டம் விறுவிறுப்பாக நடந்தது. ஒவ்வொன்றும் 15 நிமிடம் கொண்ட நான்கு பகுதிகளில், முதல் மூன்றிலும் கோல் விழவில்லை. நான்காம் பகுதியில் எதிரணிக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தது. அதன் விதிகளை அம்மாவுக்கு விளக்கினேன். தடுக்கும் அணியில் கோல் காவலரோடு சேர்த்து ஐவர் மட்டுமே கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்கலாம். மற்றவர்கள் நடுக்கோட்டுக்குச் சென்றுவிட வேண்டும். எதிரணியினர் பந்தை வட்டத்துக்கு வெளியே தள்ளி, நிறுத்தி, பிறகு கோலை நோக்கி அடிப்பார்கள். பந்தைத் தள்ளிய கணமே, தடுப்பவர்களுள் ஒருத்தி அடிப்பவரை நோக்கிப் பாய்ந்தோட வேண்டும். ஏறக்குறைய 160 கிராம் எடையுள்ள கெட்டியான பந்து அவளை நோக்கியே வரும்.

“யார் அப்படி ஓடுவது?” என்று அம்மா கேட்டார்.

முகக் கவசத்தை மாட்டிக்கொண்டிருந்த பேத்தியைக் காட்டினேன். அம்மா என் கையை இறுகப் பற்றிக்கொண்டார்.

முதல் முறை ஓடினாள். பந்து அவள் மட்டையில் பட்டு வெளியே தெறித்தது. சிறிது நேரத்தில் மீண்டும் ஒரு பெனால்டி கார்னர். இம்முறை பந்து அவள் கணுக்காலுக்குச் சற்று மேலே பட்டது. பந்து முழங்காலுக்குக் கீழே பட்டதால், விதிப்படி இன்னொரு பெனால்டி கார்னர் வழங்கப்பட்டது. அவள் காலை உதறிவிட்டு, மீண்டும் கோட்டுக்குப் பின்னால் போய் நின்றாள். மூன்றாம் முறையும் ஓடினாள். எதிரணியினர் அவளைத் தவிர்க்கப் பந்தைப் பக்கவாட்டில் தள்ளிக் கோல் போட்டனர். 0–1 என்று ஆட்டம் முடிந்தது.

அவள் நொண்டியபடி வந்தாள். “தோத்துட்டோம், பாட்டி.”

அம்மா குனிந்து அவள் காலைத் தொட்டுப் பார்த்தார். ‘இனி வேண்டாம்’ என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். “நீ ஓடாம இருந்திருந்தா, முதல் அடியிலேயே கோல் விழுந்திருக்கும், இல்லையா?” என்று கேட்டார். அவள் கண்கலங்கித் தலையசைத்தாள்.

வீடு திரும்பும் வழியில் நான் என்னைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். என் ஆட்டத்தை நிறுத்தியவர் அம்மா என்றே இத்தனை ஆண்டுகளாக எண்ணியிருந்தேன். “எனக்கு ஆட வேண்டும், அம்மா” என்று ஒருமுறைகூட நான் கேட்டதில்லை. அவர் அஞ்சினார், நானும் அஞ்சினேன். கோட்டைத் தாண்டி ஓர் அடிகூட எடுத்து வைக்காமல் நின்றுவிட்டேன்.

“உன் மட்டை இன்னும் அலமாரி மேலதான் இருக்கு” என்றார் அம்மா, காரின் சன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

அன்றிரவே அதை இறக்கினேன். தூசி படிந்திருக்கும் என்று நினைத்தேன். ஆனால், அதைச் சுற்றியிருந்த துணி புதிதாக இருந்தது.