யாருக்காக இந்த விண்ணப்பம்?

நியூஜெர்சியில் ஒரு கவுண்டி நலத்துறை அலுவலகத்தில் உதவித் தகுதி பார்க்கும் ஊழியராகச் சேர்ந்தேன். ஸ்னாப் என்கிற உணவு உதவிக்கும் மெடிக்கெய்ட் என்கிற மருத்துவக் காப்பீட்டுக்கும் வரும் விண்ணப்பங்களை ஆராய்வது வேலை. வருமானம், வாடகை, வீட்டில் எத்தனை பேர் என்பதெல்லாம் சீக்கிரம் பிடிபட்டுவிடும். குடியுரிமையும் குடியேற்ற நிலையும் பார்ப்பதுதான் கைவர நாள்பிடிக்கும் வித்தை.

எனக்குப் பயிற்சி கொடுத்தவர் போர்ட்டோ ரிக்கோவில் பிறந்த மூத்த ஊழியர். அந்தத் தீவினர் 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள். ஆனால் 2010 ஜூலைக்கு முன் வழங்கிய பிறப்புச் சான்றிதழ்கள் எதுவும் செல்லாது என்று தீவின் அரசே சட்டம் போட்டது. சான்றிதழ்களைத் திருடி மோசடி செய்வது பெருகிவிட்டதுதான் காரணம். "ராத்திரி தூங்கி எழுந்தேன், கையில இருந்த காகிதம் செத்துப்போச்சு. நான் குடிமகள்ங்கிறது மட்டும் அப்படியே இருந்தது" என்பார். நிலை வேறு, அதற்கான சான்று வேறு என்பதை அவரைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொல்லியிருக்க முடியாது.

அவருடைய முதல் விதி, எந்த ஆவணத்தையும் கையில் வாங்கும் முன் இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: யாருக்காக விண்ணப்பம்? எந்த உதவிக்கு? இது ஏதோ சம்பிரதாயம் என்று முதலில் நினைத்தேன். வேலைக்கு வந்த புதிதில் பார்த்த ஒரு தமிழ்க் குடும்பம் அதைத் தெளிய வைத்தது. கணவர் எச்-1பி வேலை விசாவில் இருந்தவர், கம்பெனி ஆட்குறைப்பில் வேலை போய்விட்டது. கணவன் மனைவி இருவருக்கும் ஸ்னாப் கிடையாது. குழந்தை இங்கே பிறந்தது, அதனால் குடிமகள், அவளுக்கு உண்டு. பெற்றோரின் வருமானம் கணக்கில் வரும். ஆனால் தங்களுக்கென்று எதுவும் கேட்காதவர்களின் குடியேற்ற ஆவணத்தைக் கேட்க எனக்கு அதிகாரம் இல்லை. 2000-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசுத் துறைகள் சேர்ந்து மாநிலங்களுக்கு எழுதிய வழிகாட்டுதல் அது. அந்த அம்மா கைப்பையிலிருந்து பாஸ்போர்ட், ஐ-94 நுழைவுப் பதிவு என்று ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தார். "அதெல்லாம் வேண்டாங்க, பாப்பாவோட பிறப்புச் சான்றிதழ் போதும்" என்று திருப்பிக் கொடுத்தேன். வேண்டாத கேள்வி ஒன்று கேட்டாலே பயந்து எழுந்து போய்விடுவார்கள், அப்புறம் பட்டினி கிடப்பது பிள்ளை.

அடுத்த பாடம் நிரந்தரவாசிகளின் கிரீன் கார்டைப் படிப்பது. 1996 ஆகஸ்ட் 22 அன்று அதிபர் கிளிண்டன் கையெழுத்திட்ட நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டம்தான் எங்கள் தொழிலின் அடித்தளம். நிரந்தரவாசிகளான பெரியவர்கள் பெரும்பாலும் ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும் என்பது அதில் வந்தது. அதனால் எல்லாரும் முதலில் தேடுவது எந்தத் தேதியிலிருந்து நிரந்தரவாசி என்பதை. எனக்குப் பயிற்சி கொடுத்தவரோ ஜாதகக் கட்டத்தைப் பார்ப்பதுபோலக் கார்டை ஒளியில் சாய்த்து வகைக் குறியீட்டைத்தான் முதலில் படிப்பார். இ26 என்றால் வேலைவழி வந்தவர். ஐஆர்5 என்றால் குடிமகனான பிள்ளை அழைத்துவந்த பெற்றோர். ஆர்இ6 என்றால் அகதியாக வந்து பிறகு கார்டு பெற்றவர், அவருக்கு அந்த ஐந்தாண்டுக் காத்திருப்பு இல்லை. ஒரே நிறம், ஒரே அளவு கார்டு, உள்ளே வேறு வேறு கதை. தேதியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அகதியின் கார்டில் இருப்பது கார்டு அச்சான நாள் இல்லை, அவர் நாட்டுக்குள் வந்த நாள். அடைக்கலம் கோரிப் பெற்றவருக்கு, கார்டு அனுமதியான நாளிலிருந்து ஓராண்டு முன்தேதி போட்டிருக்கும்.

காகிதத்தைப் படித்தபின் கணினி. குடியேற்றத் துறை நடத்தும் சேவ் என்ற சரிபார்ப்பு அமைப்பு 1986 குடியேற்றச் சட்டத்தின் விளைவு. விண்ணப்பதாரருக்குக் குடியேற்றத் துறை தந்த ஏ எண்ணையும் பிறந்த தேதியையும் கொடுத்தால் சில நொடியில் பதில் வரும், அல்லது கூடுதல் சரிபார்ப்பு தேவை என்று வரும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் தடுக்கி விழும் இடம் இந்த இரண்டாவது பதில்தான். இதை வைத்து யாரையும் மறுக்கக் கூடாது. விண்ணப்பத்தை அடுத்த கட்டத்துக்கு அனுப்பினால் அங்கே ஓர் ஊழியர் பழைய கோப்புகளைத் துழாவிப் பார்ப்பார். அதுவரை, மற்ற தகுதிகள் சரியாக இருந்தால், உதவியை நிறுத்திவைக்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. மெடிக்கெய்டில் சான்று கொண்டுவர 90 நாள் அவகாசம் தர வேண்டும், அந்த நாட்களில் காப்பீடு ஓட வேண்டும்.

கணினிப் பதிவு ஏன் பொருந்தாமல் போகிறது என்பதை நம்மவர்களின் பெயர்களே எனக்குக் கற்றுக்கொடுத்தன. குடும்பப் பெயர் என்ற ஒன்று நமக்குக் கிடையாது. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான் இருந்தால், விசாவில் அது குடும்பப் பெயர் இடத்துக்குப் போய்விடும், சொந்தப் பெயர் இடத்தில் எஃப்என்யூ என்று விழும். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. பிற்பாடு ஓட்டுநர் உரிமத்தில் அப்பா பெயர் பின்னால் ஒட்டிக்கொள்ளும், சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் இனிஷியல் விரிந்திருக்கும். ஒரே ஆள் மூன்று ஆளாகத் தெரிவார். போரிலும் முகாமிலும் பிறப்புப் பதிவைத் தொலைத்த பல நாட்டு அகதிகளுக்கு ஜனவரி 1 என்றே பிறந்த நாள் எழுதியிருப்பதையும் பார்த்தேன். இதெல்லாம் பொய் சொல்வதற்கான அடையாளம் என்று நினைப்பவருக்கு இந்த நாற்காலி ஆகாது.

குடிமக்களுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. 2006 ஜூலையிலிருந்து மெடிக்கெய்ட் கேட்கும் குடிமக்கள் ஆவணம் காட்ட வேண்டும் என்றானபோது, காட்ட முடியாமல் காப்பீட்டை இழந்தவர்களில் தகுதியுள்ள குடிமக்களே ஏராளம். 2009-இல் வந்த சட்டம் சோஷியல் செக்யூரிட்டி பதிவோடு ஒப்பிட்டாலே போதும் என்று மாநிலங்களுக்கு வழிவிட்டது. அந்தப் பதிவும் முழுமையல்ல. குடியுரிமை பெற்றவர் போய்த் தெரிவிக்காவிட்டால் அதில் பழைய நிலையே நிற்கும். 2001 பிப்ரவரி 27 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, கிரீன் கார்டோடு இங்கே பெற்றோரிடம் வளரும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளை, தாயோ தந்தையோ குடியுரிமை பெற்ற நாளிலேயே தானும் குடிமகன் ஆகிவிடுகிறது. கேட்காமல் யாரும் சான்றிதழ் தருவதில்லை, பல நேரம் பிள்ளைக்கே தெரிவதும் இல்லை. "அம்மா எப்போ உறுதிமொழி எடுத்தாங்க? அப்போ உனக்கு என்ன வயசு?" என்று கேட்டால்தான் வெளியே வரும்.

கற்றதை எல்லாம் மறுபடி அடுக்கவைத்தது 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம். அகதிகளும் அடைக்கலம் பெற்றவர்களும் கிரீன் கார்டு வாங்கும்வரை ஸ்னாப்புக்கு வெளியே என்றாகிவிட்டது. மெடிக்கெய்டில் இப்படியொரு சுருக்கத்துக்கு 2026 அக்டோபர் 1 என்று நாள் குறித்தது. அகதிக்குக் கிரீன் கார்டு கிடைக்கவே இங்கே ஓராண்டு இருந்திருக்க வேண்டும். வந்த புதிதில்தான் அவர்களுக்குச் சோறு அதிகம் தேவை என்று எங்கள் மேஜையில் யாருக்குத் தெரியாது? ஆனால் பட்டியல் எங்கள் கையில் இல்லை. எங்கள் கையில் இருப்பது, பட்டியலில் இன்னும் இருப்பவரைத் தவறவிடாமல் பார்ப்பது மட்டும்.

இல்லை என்று சொல்லும் முறையைக் கடைசியாகத்தான் கற்றேன். மகன் அழைத்து கிரீன் கார்டில் வந்த பெரியவர் ஒருவர், "எல்லாரும் கிடைக்கும்னாங்கம்மா" என்று எதிரே உட்கார்ந்தார். ஐந்தாண்டு முடியவில்லை. முடிந்தாலும், ஆதரிப்பேன் என்று ஐ-864 படிவத்தில் மகன் போட்ட கையெழுத்து இருக்கிறது. பெரியவர் குடிமகன் ஆகும்வரை, அல்லது பத்தாண்டு வேலைக்கணக்குச் சேரும்வரை, மகனின் வருமானமும் அவருடையதோடு சேரும். இதை ஒளிக்காமல் சொன்னேன். அவசர சிகிச்சைக்கான மெடிக்கெய்ட் வேறு, அதற்கு இந்தக் காத்திருப்பு இல்லை என்றேன். மருத்துவமனைகளில் இந்த மாநிலம் நடத்தும் சேரிட்டி கேர் பற்றியும் சொன்னேன். மறுப்புக் கடிதத்தில் காரணத்தையும், மேல்முறையீடு செய்யும் உரிமையையும் குறித்தேன்.

"அஞ்சு வருஷம் என்னிக்கு முடியுதுன்னு எழுதிக் குடும்மா" என்றார். தேதியை எழுதிக் கொடுத்தேன். அதற்குள் சட்டம் மாறலாம், வருமுன் ஒருமுறை ஃபோன் செய்யுங்கள் என்று கீழே சேர்த்தேன்.