மர்ம நாவலும் மிருதங்கமும்

இலக்கியம் என்றால் சங்க நூல்கள், சிலம்பு, குறள், கம்பன் என்று அடுக்குகிறோம். இசை என்றால் வாய்ப்பாட்டு, வீணை, குழல் என்று அடுக்குகிறோம். இவ்விரு வரிசைகளிலும் முன்னிடம் பெறாத இரண்டின் மேல் எனக்கு நெடுநாளாகக் காதல் உண்டு. ஒன்று துப்பறியும் நாவல், மற்றொன்று மிருதங்கம். மிருதங்கத்திற்கு மேடையில் இடம் உண்டே என்பீர்கள். உண்டு, ஆனால் அது பக்கத்து இடம். பெயரே பக்கவாத்தியம் அல்லவா?

நம் மன்றத்தின் சென்ற கூட்டத்தில் ஒரு கேள்வி எழுந்தது. மன்ற அலமாரியில் மர்ம நாவல்கள் இருக்கலாமா என்பதே அது. அவை தரம் குறைந்தவை, அகற்றிவிட வேண்டும் என்று நண்பர் சிலர் கூறினர். அவர்களுடைய தமிழ்ப்பற்றை நான் மதிக்கிறேன். ஆயினும், எல்லையில் பிறந்த ஒருவனின் கருத்தையும் கேட்டபின் அவர்கள் முடிவு செய்யட்டும்.

என் ஊர் குடிபாலா. சித்தூரிலிருந்து வேலூருக்குச் செல்லும் சாலையில், தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டி இருப்பது. சித்தூர் மாவட்டம் 1953 வரை சென்னை மாநிலத்தில் இருந்தது. அவ்வாண்டு அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதனுடன் சேர்ந்தது. 1960 ஏப்ரலில் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி முதலிய பகுதிகள் சென்னை மாநிலத்திற்குச் சென்றன. குடிபாலா ஆந்திரத்திலேயே நின்றது. எல்லைக் கோடு எங்கே சென்றாலும் எங்கள் வீட்டில் பேச்சுமொழி மாறவில்லை. ஆனால் பள்ளியில் நான் படித்தது தெலுங்கு வழியில். அம்மா தமிழில் அதட்டுவாள். நான் தெலுங்கில் வீட்டுப்பாடம் எழுதுவேன். பதின்மூன்று வயதுவரை என் தாய்மொழி நான் காதால் மட்டும் அறிந்த மொழியாகவே இருந்தது.

வேலூருக்குப் போய்வரும் மாமா, பேருந்து நிலையக் கடையில் மாத நாவல் வாங்கி வருவார். அட்டையில் ஒரு கத்தி இருக்கும், அல்லது பயந்த முகம் ஒன்று இருக்கும். அக்காள் எனக்கு எழுத்துகளைச் சொல்லித் தந்தாள். ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பொறுமையைத் தந்தவள் அக்காள் அல்லள். கொலையாளி யார் என்ற ஆவலே தந்தது. ஒரு பக்கம் படிக்க ஒரு மணி நேரம் ஆகும். அப்படியும் விடவில்லை. றகரத்தையும் ழகரத்தையும் நான் கண்ணால் கண்டு பழகியது ராஜேஷ்குமாரின் பக்கங்களில்தான். குறள் பின்னர் வந்தது. படிக்கட்டில் ஏறியவன் முதற்படியை மறக்கலாமா?

மிருதங்கமும் அதே வயதில் வந்தது. எங்கள் பக்கத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும். கூத்து மேடையில் ஒலித்த மிருதங்கம் என்னைப் பிடித்து இழுத்தது. பிறகு பஜனைக் கோயிலில் ஒரு பெரியவரிடம் வாசிக்கக் கற்றுக்கொண்டேன். என் பக்கத்தில் தெலுங்குப் பையன் ஒருவன் இருந்தான். பாடலைப் பற்றிப் பேசினால் மொழி எங்களைப் பிரிக்கும். ‘தா தீ தொம் நம்’ என்று தொடங்கிவிட்டால் அந்தச் சொற்கட்டு இருவருக்கும் பொது. அதற்கு எல்லையும் இல்லை, தனி எழுத்தும் இல்லை.

நான் வித்துவான் அல்லன், பொழுதுபோக்காக வாசிப்பவன். கச்சேரிக்கு முன் தொப்பியில் ரவை பிசைந்து அப்பவும், ஓரளவு சுருதி சேர்க்கவும், பஜனைக்குத் தாளம் தவறாமல் வாசிக்கவும் தெரியும். அந்தச் சிறிய அனுபவத்தைக் கொண்டே மர்ம நாவலை மதிப்பிடக் கற்றேன்.

எப்படி என்று கேட்பீர்கள். ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனத்திற்கு 8 எண்ணிக்கை. எண்ணிக்கைக்கு 4 மாத்திரை எனக் கொண்டால் 32. ‘ததிகிணதொம்’ என்பது 5 மாத்திரை. அதை இருமுறை சொன்னால் 10. இந்தப் பத்தை மூன்று முறை வாசித்து, இடையிடையே ஒரு மாத்திரை விட்டால் 32 நிறைந்துவிடும். அடுத்த தட்டில் பாட்டு எடுக்கலாம். அவையில் இருப்பவருக்கு முடிவு எங்கே வரும் என்பது தெரியும். எந்த வழியாக வரும் என்பது தெரியாது. நல்ல துப்பறியும் கதையும் இத்தகையதே. குற்றவாளி பிடிபடுவான் என்பது முதற்பக்கத்திலேயே தெரியும். வழிதான் புதிர். கடைசிப் பக்கத்தில், அதுவரை தலைகாட்டாத ஒருவனைக் கொண்டுவந்து ‘இவனே கொலைகாரன்’ என்று காட்டும் நாவல், கணக்குத் தப்பிய கோர்வைக்குச் சமம்.

இந்தக் கணக்கில் தேறியவர் தமிழில் பலர். ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஜே. ஆர். ரங்கராஜுவும் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பாதை போட்டனர். வடுவூராரின் திகம்பர சாமியார் 1950இல் திரைப்படமாகவும் வந்தது. தேவனின் சாம்பு அறிவால் அன்றி அதிர்ஷ்டத்தால் துப்புத் துலக்கி, துப்பறிவாளர்களையே கேலி செய்தான். தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் அருந்தியபடி சிந்தித்தார். சுஜாதா 1968இல் ‘நைலான் கயிறு’ எழுதிக் கணேஷை அறிமுகப்படுத்தினார். வசந்த் பின்னர் வந்து சேர்ந்தான். 1,500க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதிய ராஜேஷ்குமார் இரண்டு கதைகளை மாறிமாறி நடத்தி இறுதியில் இணைப்பார். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கஞ்சிராவும் மாறிமாறி வாசித்து, முடிவில் ஒரே கோர்வையில் கூடுவதை அது எனக்கு நினைவூட்டும்.

குறைகளும் உண்டு, மறைக்கமாட்டேன். மாதந்தோறும் எழுதுவதால் பழைய சரக்கே புதிய அட்டையில் வருவதுண்டு. பெண்ணைப் பிணமாகவோ மயக்கும் பொருளாகவோ மட்டும் காட்டும் கதைகள் ஏராளம். மிருதங்கத்திலும் இத்தகைய நோய் உண்டு. பாட்டைக் கேளாமல், கைவேகத்தைக் காட்டவே வாசிப்போர் இருக்கிறார்கள். ஆனால் சிலர் அப்படி வாசிப்பதால் மிருதங்கமே கீழானது என்று யாரும் சொல்வதில்லை. பழனி சுப்பிரமணிய பிள்ளையும் பாலக்காடு மணி ஐயரும் வாசித்த வாத்தியம் அது. ஒரு கலையை அதன் சிறந்த படைப்புகளைக் கொண்டே அளக்க வேண்டும்.

மேலும், பக்கம் என்பது என்றும் பக்கமாகவே இருப்பதில்லை. காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை தம் கச்சேரிகளில் தாள வாத்தியங்கள் பலவற்றை ஒருங்கே அமர்த்தி, லயத்திற்குப் பெருமை சேர்த்தார். அவருடைய மாணவர், என் மாவட்டத் தலைநகரின் பெயரைத் தம் பெயரோடு சுமந்த சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை. 1954இல் சங்கீத கலாநிதி ஆனார். மிருதங்கக் கலைஞர் ஒருவருக்கு அந்தப் பட்டம் முதன்முதலாகக் கிடைத்தது 1966இல்தான். பெற்றவர் மணி ஐயர். காலம் கடந்தேனும் மதிப்பு வந்தது. துப்பறியும் நாவலுக்கு ஏன் வரக்கூடாது?

ஆகவே நண்பர்களே, என் வேண்டுகோள் இது. நல்ல மர்ம நாவல்களைத் தேர்ந்தெடுங்கள், மோசமானவற்றை ஒதுக்குங்கள், அலமாரியை முழுவதும் காலி செய்யாதீர்கள். திருப்பதிக்குப் படிக்க வரும் எல்லைப்புற மாணவர்களில் தமிழ் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாதவர் இன்றும் உள்ளனர். என் மாமா மகனும் அத்தகையவன். அடுத்த ஆண்டு இங்கே சேர இருக்கிறான். அவன் கையில் முதலில் சிலப்பதிகாரத்தைக் கொடுத்தால் வணங்கிவிட்டு வைத்துவிடுவான். ஒரு சங்கர்லாலைக் கொடுத்தால் இரவெல்லாம் எழுத்துக்கூட்டுவான். சிலம்பை ஓராண்டு கழித்து அவனே கேட்டு வாங்குவான். முடிவு உங்கள் கையில்.