அந்தியோகியாவின் பந்தி

சென்ற பொங்கலன்று எங்கள் குடியிருப்பில் விருந்து வைத்தபோது, அண்டை வீட்டிலுள்ள வேற்று மொழியினரையும் அழைப்பதா என்றொரு பேச்சு எழுந்தது. முடிவில் நம்மவர் மட்டுமே உண்டோம். நானும் வாய் திறவாதிருந்துவிட்டேன். பின்னர் ஒருநாள் அந்தியோகியா நகரின் வரலாற்றைப் படித்தபோது அது என் உள்ளத்தைத் தைத்தது. அன்பர்களுக்கும் அதனைக் கூற விழைகின்றேன்.

துருக்கி நாட்டின் தென்கோடியில், ஒரோந்தஸ் ஆற்றங்கரையில், இன்று அந்தாக்கியா என வழங்கும் ஊரே அது. கி.மு. 300-இல் அதனை நிறுவியவன் செலூக்கஸ் நிக்காத்தர். நம் நாட்டுச் சந்திரகுப்த மௌரியனோடு உடன்படிக்கை செய்துகொண்ட மன்னன். கி.மு. 64-இல் நகரம் உரோமர் வசமாயிற்று. கிரேக்கரும் சிரியரும் யூதரும் கலந்து வாழ்ந்த வாணிகப் பேரூர் அது.

எருசலேமில் ஸ்தேவான் கல்லெறியுண்டு மாண்டபின், சிதறி ஓடிய இயேசுவின் அடியார் சிலர் இங்கு வந்து சேர்ந்தனர். யூதருக்கு மட்டுமன்றிக் கிரேக்கருக்கும் போதித்தனர். பர்னபா என்பார் தர்சு பட்டணம் சென்று பவுலை அழைத்துவந்தார். இருவரும் ஓராண்டு இங்கே தங்கிக் கற்பித்தனர். யூதர் என்றோ கிரேக்கர் என்றோ பிரித்துச் சொல்ல இயலாத இக்கூட்டத்திற்குப் புதுப்பெயர் வேண்டியதாயிற்று போலும்! 'கிறிஸ்தவர்' என்னும் பெயர் முதன்முதல் வழங்கியது இவ்வூரிலேயே என்று அப்போஸ்தலர் நடபடிகள் கூறும். யூதேயாவில் பஞ்சம் வந்தபோது, இவர்கள் தத்தம் சக்திக்கேற்பப் பணம் திரட்டி அனுப்பியதும் அந்நூலில் உண்டு.

ஆயினும் பந்தியில் ஒரு சோதனை நேர்ந்தது. யூதரல்லாதாருடன் அமர்ந்து உண்டுவந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்தவுடன் அவர்களுக்கு அஞ்சி விலகிக்கொண்டார். பர்னபாவும் அவ்வாறே செய்தார். பவுலோ பேதுருவை எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டார். இதனைக் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் அவரே குறித்துள்ளார். மூத்தவர் என்றும் பாராமல் அன்று அவர் பேசிய துணிவை எண்ணி வியக்கின்றேன்.

பின்னாளில் உரோம், அலெக்சாந்திரியா ஆகியவற்றோடு ஒருங்கு எண்ணப்படும் திருச்சபைத் தலைநகராயிற்று அந்தியோகியா. 526-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் பேரழிவுற்றது. 2023 பிப்ரவரி 6-இல் மீண்டும் இடிந்தது. அந்தியோகியப் பிதாக்கள் இன்று தமஸ்கு நகரில் இருந்தும் அவ்வூர்ப் பெயரையே தாங்கி நிற்கின்றனர். கேரளத்து யாக்கோபிய சிரியன் சபையினரும் அந்தியோகியப் பிதாவையே தலைவராகப் போற்றுகின்றனர்.

வரும் பொங்கலன்று அண்டை வீட்டாருக்கும் இலை போடவேண்டும் என்று நானே எடுத்துரைக்கக் கருதியுள்ளேன்.