ஓவியம் யாருடையது?

பத்திரிகைத் தொழிலில் நான் சேர்ந்த நாட்களில் நிருபர்களுக்குப் பெயர் கிடையாது. எழுதியவர் எவராயினும் செய்தியின் தலையில் "எமது நிருபர்" என்றே அச்சாகும். பின்னர் உதவி ஆசிரியராகி, பிறர் பெயர்களை நானும் அவ்வாறே நீக்கியிருக்கிறேன். யுத்த காலத்தில் அதற்குப் பாதுகாப்பு என்ற நியாயம் இருந்தது. அதற்கு முன்னர் என்ன நியாயம் இருந்தது? அண்மையில் கணினித் திரையில் கண்ட ஒரு பறவையின் படம் இந்தக் கேள்வியை எழுப்பிவிட்டது.

சந்தனக் கிளையொன்றில் பனங்காடை அமர்ந்திருக்கிறது. அரசனில்லை, அரண்மனையில்லை, வெறும் வெள்ளைத்தாள் மட்டுமே பின்னணி. ஆனால் ஒவ்வோர் இறகும் தனித்தனியே தெரிகிறது. கல்கத்தாவில் இதனை வரைந்தவர் ஷேக் ஜைனுத்தீன். மூலப்படம் இப்போது அமெரிக்காவின் மினியாபொலிஸ் கலைக்கூடத்தில் உள்ளது.

1757இல் பிளாசி, 1764இல் பக்ஸார் என்று போர்கள் முடிந்து, 1765இல் வங்கத்தின் வரிவசூல் உரிமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போயிற்று. முர்ஷிதாபாத் நவாபின் கருவூலம் வற்றியது. அந்தத் தர்பாரை நம்பியிருந்த ஓவியக் குடும்பங்கள் பல பாட்னாவில் குடியேறின. பணம் இருந்த இடமோ கல்கத்தா. அங்கே உச்ச நீதிமன்றத்தின் முதல் பிரதம நீதியரசராக 1774இல் வந்திருந்தார் சேர் எலிஜா இம்பே. மகாராஜா நந்தகுமாரைத் தூக்குமேடைக்கு அனுப்பிய அதே நீதிபதி. அவருடைய மனைவி மேரி இம்பே தமது தோட்டத்தில் பறவைகளையும் விலங்குகளையும் வளர்த்தார். 1777 முதல் 1782 வரை அவற்றை வரைவதற்குப் பாட்னாவைச் சேர்ந்த ஜைனுத்தீன், பவானி தாஸ், ராம் தாஸ் ஆகிய மூவரை அமர்த்தினார். முந்நூறுக்கும் மேற்பட்ட படங்கள் உருவாயின.

தாள் இங்கிலாந்திலிருந்து வந்தது. கேட்டவர்களின் விருப்பமும் ஆங்கிலேயருடையதே. கைமட்டும் முகலாயக் கை. ஜஹாங்கீரின் அவையில் பறவைகளை வரைந்த உஸ்தாத் மன்சூரின் மரபு அது. அந்த மன்சூருக்குத் தம் காலத்தின் அதிசயம் என்று பொருள்படும் பட்டத்தைச் சூட்டி, தமது நினைவுக் குறிப்புகளிலும் பெயரெழுதி வைத்தார் பேரரசர். அரசவைகளிலும் பெயரற்று மறைந்தோர் உண்டுதான். எனினும் ஒரு கலைஞனின் பெயர் அரசனின் பெருமையாகக் கருதப்பட்ட அவை அது.

இம்பே படங்களின் கீழ்மூலையில் ஒரு குறிப்பு உள்ளது. உடைமையாளர் பெயரும் ஊரும் ஆங்கிலத்தில். வரைந்தவரின் பெயர் பாரசீக எழுத்தில். ஆக, பெயர் மறைக்கப்படவில்லை. பார்த்தவர்கள்தாம் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1810இல் இலண்டனில் அந்தத் தொகுப்பு ஏலத்தில் சிதறியது. பின்னரும் அது "இம்பே தொகுப்பு" என்றே வழங்கியது. அந்தக் கலைக்கே "கம்பெனி ஓவியம்" என்று பெயராயிற்று. கூலி கொடுத்தவரின் பெயர் நிலைத்தது. வரைந்தவரின் பெயர் ஆய்வாளர்களுக்கு மட்டுமே தெரிந்திருந்தது. 2019 டிசம்பரில் இலண்டன் வாலஸ் கலைக்கூடம் "மறக்கப்பட்ட மேதைகள்" என்ற பொருளில் கண்காட்சி வைத்தபோதுதான் இந்த ஓவியர்களின் பெயர்கள் பொதுமக்கள் முன் தலைப்பிடம் பெற்றன.

1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சூறாவளி சிதைத்தபோது, பிரதேச நிருபர் ஒருவர் பஸ் ஓடாத வீதிகளில் நடந்து விபரம் திரட்டி எழுதியனுப்பினார். "எமது நிருபர்" என்று போட்டேன். தலைப்பு நன்றாயிருந்ததென்று எனக்குப் பாராட்டுக் கிடைத்தது. சில மாதங்களின் பின் கொழும்புக்கு வந்த அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஐயா, ஒருக்காவாவது என்ட பேரைப் போட்டால் பிள்ளைகளுக்குக் காட்டலாம்."

பார்ப்போம் என்றேன். பார்க்கவில்லை. அவர் இப்போது உயிருடன் இல்லை.

அந்தப் பத்திரிகை நறுக்கு இன்னும் என்னிடம் இருக்கிறது. நேற்று அதன் கீழ்மூலையில் அவருடைய பெயரை எழுதினேன். அவருடைய பிள்ளைகள் எங்கிருக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அதனை முதலில் பார்க்கவேண்டியவர்கள் அவர்களே.