தூரும் அரமும்

மாசி 22

இன்று மரம் அறுப்பு இல்லை. முதுகுளத்தூருக்கும் சாயல்குடிக்கும் இடையே, கரிசலும் மணலும் மாறி மாறி வரும் இந்தப் பூமியில், வாலிநோக்கத்து உப்பளங்களைத் தடவிவரும் தென்காற்று இரும்பென்று பேர் சொல்லத்தக்க எதையும் சும்மா விடுவதில்லை. ஆகையால் மரம் அறுக்கும் மெஷினுக்கு வேலையுள்ள நாளைக் காட்டிலும் வேலையில்லாத நாளிலேதான் சிசுருஷை அதிகம் வேண்டியிருக்கிறது. திண்ணையில் சாக்கை விரித்து அதைக் கழற்றிப்போட்டேன். ஏர் பில்டரில் செம்மண்ணும் மரத்தூளும் அடையாய் அப்பியிருந்தன. செயின் சுற்றி ஓடும் பாரின் பள்ளத்தில் ஆயிலும் தூளும் கலந்து இறுகியிருந்த கசடை ஒரு தகட்டு நுனியால் நெம்பி எடுத்து, ஒரே ஓரம் தேயாதிருக்கும்பொருட்டுப் பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினேன்.

பிறகு அரம். செயினின் ஒவ்வொரு பல்லிலும் உருட்டு அரத்தை 30 பாகைச் சாய்வில் வைத்து, உள்ளிருந்து வெளியே ஒரே திசையில் தள்ளி, எல்லாப் பற்களுக்கும் ஒரே எண்ணிக்கையாகத் தீட்டிக்கொண்டு போக வேண்டும். ஒரு பக்கத்துப் பற்கள் மறுபக்கத்தைவிடக் குட்டையாகிவிட்டால் அறுப்பு நேரே இறங்காமல் வளைந்துகொண்டே போகும். பல்லுக்கு முன்னால் நிற்கும் சிறு மேடு பல்லின் கூர்மட்டத்துக்குச் சுமார் 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருப்பது சாதாரண அளவு. பல் ஒரு தடவைக்கு எவ்வளவு மரத்தைக் கடிக்கலாம் என்று நிர்ணயிப்பது அந்த மேடுதான். அதை அதிகமாக அராவிவிட்டால் மெஷின் கைக்கு அடங்காமல் துள்ளும். தீட்டியது சரிதானா என்பதற்குச் சாட்சி மரமே சொல்லும்: கூரான பல் சீவலாகத் தள்ளும், மழுங்கிய பல் மாவாகப் பறக்கவிடும்.

பெட்ரோலைப் பற்றியும் ஒரு வார்த்தை எழுதிவைக்க வேண்டும். என் மெஷினுக்கு விதித்தபடி 1 லிட்டருக்கு 20 மில்லி டூ டி ஆயில் கலக்கிறேன். இக்காலத்துப் பெட்ரோலில் எத்தனால் சேர்ந்திருப்பதால் அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும்; கலந்து பல நாள் கிடந்தால் கார்புரேட்டருக்குக் கேடு. அன்றைக்கு வேண்டியதை அன்றே கலப்பதுதான் உத்தமம்.

மாசி 25

நெடுங்காலம் தரிசாய்க் கிடந்த புன்செய்யில் சீமைக் கருவேலத்தை அறுக்கத் தொடங்கினோம். இம்மரம் 1870-களின் பிற்பகுதியில், விறகுத் தட்டுப்பாட்டைத் தீர்க்கும் நல்லெண்ணத்துடன், பெட்டோம் என்ற வன அதிகாரியின் முயற்சியால் விதையாக வந்து, அன்றைய சென்னை மாகாணத்துக் கடப்பைச் சீமையில் ஊன்றப்பட்டதென்பது சரித்திரம். நெற்றுகளை ஆடுமாடுகள் தின்று சாணத்தோடும் புழுக்கையோடும் விதையைப் பரப்ப, உவரையும் வறட்சியையும் லட்சியம் செய்யாத அந்த மரம் ராமநாதபுரத்துக் கண்மாய்களையும் வரத்துக்கால்களையும் தன்வசமாக்கிக்கொண்டது.

மரத்தைச் சாய்ப்பதற்கு ஒரு சாஸ்திரம் உண்டு. விழவேண்டிய பக்கத்தில் அடிமரத்தின் குறுக்களவில் கால்பங்கு ஆழத்துக்கு வாய் வெட்டி, பின்புறத்தில் அதற்குச் சற்று மேலாக அறுத்துவந்து, இடையில் பத்தில் ஒரு பங்கை அறுக்காமல் விட்டால், அந்தக் கீற்றே கீலாக நின்று மரத்தை நினைத்த திசையில் இறக்கிவிடும். ஆனால் இந்த மரமோ ஒரே தூரிலிருந்து பல கைகளாகக் கிளம்பி, ஒன்றோடொன்று பின்னி, முள்ளோடு இழுபட்டு நிற்பது. வளைந்து விறைத்திருக்கும் கிளையில் எந்தப் பக்கம் இழுப்பு, எந்தப் பக்கம் நெரிப்பு என்று பாராமல் பல்லை வைத்தால் பார் சிக்கிக்கொள்ளும், அல்லது கிளை சீறி வந்து அடிக்கும். பாரின் நுனியில் மேற்பாதி எதிலேனும் உரசினாலோ, மெஷினே முகத்துக்கு எகிறிவிடும். கண்ணாடியும் கனத்த பூட்ஸும் இல்லாமல் ஒருவரையும் உள்ளே விடவில்லை.

அறுப்புக்கு முன்னால் செய்த காரியத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன். நாட்டுக் கருவேலத்துக்கும் வெள்வேலுக்கும் உச்சி தட்டையாக விரிந்த உடைமரத்துக்கும் சுண்ணாம்பால் வளையம் போட்டுவைத்தோம். மணி கோத்தாற்போல் இடையிடையே ஒடுங்கிய நெற்றும் மஞ்சள் உருண்டைப் பூவும் இருந்தால் அது நம் நாட்டுக் கருவேலம். பூ கதிராக நீண்டு, நெற்றும் ஒடுங்காமல் வந்தால் சீமை. கன்றாக இருக்கையில் இரண்டும் முள்ளாகவே கண்ணுக்குப் படும். சித்திரங்குடியிலும் காஞ்சிரங்குளத்திலும் நாரைகள் கூடு கட்டுவது கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில்தான். இரண்டையும் 1989-இல் பறவைச் சரணாலயங்களாக்கினார்கள், 2022-இல் சர்வதேச ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் சேர்த்தார்கள். ஓடுகிற செயினுக்கு இந்தப் பேதமெல்லாம் தெரியாது. கோடரிக் காலத்தில் ஒரு மரத்தை வீழ்த்தும் நேரத்துக்குள் மனிதனுக்கு யோசனை மாறக் கூடும், இப்போது அந்த அவகாசமும் இல்லை.

பங்குனி 1

வியாபாரி ஒருவர் வரப்புப் பனைகளுக்கு விலை பேச வந்தார். பனை 1978 முதல் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டுமென்று 2021-இல் அறிவித்தும் இருக்கிறார்கள். சட்டம் இல்லாவிட்டாலும் நான் தந்திருக்க மாட்டேன். பனைக்கு வைரம் புறத்தே, சோறு உள்ளே. கைமரமாகும் வைரம் ஏறுவதற்கு ஒரு தலைமுறைக்கு மேல் ஆகும். மெஷினுக்கு அது சில நிமிஷ வேலை.

பங்குனி 4

கட்டைகள் அடுக்கியாயிற்று, தூர்கள் நிற்கின்றன. கரிமூட்டம் போடும் பெரியவர் வந்து சுற்றிப் பார்த்தார்.

“தம்பி, மேலே அறுத்தது சரிதான். தூரை விட்டுட்டீங்கன்னா ஐப்பசி மழைக்கு ஒண்ணு பத்தா வந்து நிக்கும்.”

“தூரையும் மெஷினாலேயே மண்ணோடு மண்ணாய் அறுத்துவிட்டால்?” என்று உடனிருந்த பையன் கேட்டான்.

“மண்ணு பட்டா பல்லுதான் போகும். தூரு போகாது.”

துளிர்விடும் கணுக்கள் தரைமட்டத்துக்குக் கீழேயும் இருப்பதால், வேர்க்கழுத்தோடு தோண்டி எடுத்தாலொழிய இந்த மரத்துக்கு அழிவில்லை. 2017-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை அகற்ற உத்தரவிட்ட நாட்களில் ஜில்லாவெங்கும் எழுந்த உற்சாகத்தை நான் கண்டிருக்கிறேன். மேலே அறுத்துத் தூரை விட்ட இடங்களில் பின்பு அது முன்னிலும் அடர்ந்ததையும் கண்டிருக்கிறேன்.

தூர்க்கட்டை கனமான கரி தருமாதலால் பெரியவருக்கு அது லாபம், எனக்கு நிலம். தோண்டும் கூலியை அவர் ஏற்பது, கரியை அவர் எடுத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. நாளை ஜேசிபி வருகிறது. கட்டைகளை நெருக்கி அடுக்கி, தழையும் ஈரமண்ணும் போர்த்து, காற்று அளவாகவே நுழையும்படி துவாரம் விட்டு நெருப்பு வைத்தால், முதலில் ஈரம் வெண்புகையாகக் கிளம்பும். புகை மெலிந்து நீலம் பாய்ந்தபின்பே துவாரங்களை அடைப்பார்களாம். அதுவரை இராக்காவலுக்கு ஆள் வேண்டும். பிடுங்கிய குழிகளை மூடாமல் விட்டு, மிஞ்சிய வேரை வெயிலில் காயவைத்து, மழைக்குப் பின் தலைகாட்டும் கன்றுகளை மண்வெட்டியால் கொத்திவிட வேண்டும். இரண்டு மழைக்காலமாவது இதைச் செய்யச் சொல்கிறார் பெரியவர்; மூன்று என்று நான் குறித்துக்கொண்டிருக்கிறேன்.