அடுத்த அறையில் அம்மா

என் அம்மா பக்கவாதத்தில் விழுந்து படுத்த படுக்கையாகக் கிடந்த காலம் முழுக்க நான் அவளைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளவில்லை. குளிப்பாட்டவில்லை, கஞ்சி ஊட்டவில்லை, மலம் அள்ளவில்லை. எல்லாவற்றையும் என் மனைவியும் தங்கையும் செய்தார்கள். வேலை இருந்தது, உடம்பு முடியவில்லை என்றெல்லாம் சொல்ல எனக்கு வழியில்லை. பணி ஓய்வு பெற்று வீட்டில்தான் இருந்தேன். அடுத்த அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ரமணரையும் ஜே. கிருஷ்ணமூர்த்தியையும் படித்துக்கொண்டிருந்தேன். உள்ளே போகாததற்கான காரணத்தையும் அவர்களிடமிருந்தே எடுத்து வீட்டாருக்குச் சொன்னேன். பெற்றவளைக் கவனிக்காத பிள்ளைகள் ஊரில் உண்டு. அதற்கு ஞானிகளைச் சாட்சிக்கு அழைத்தவன் நான். இதை எழுதுவது அதனால்தான்.

அறந்தாங்கியில் நாங்கள் சிலர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கூடுவோம். அமைப்பு, பெயர்ப்பலகை எதுவும் கிடையாது. எல்லாச் சமயங்களிலும் நம் காலத்தை ஒட்டி வாழ்ந்த ஞானிகளைப் படித்துப் பேசுவதுதான் வேலை. கோட்டைப்பட்டினத்திலிருந்து வரும் பாய் ஒருவர் பாவா முகையதீனை எங்களுக்கு அறிமுகப்படுத்தினார். யாழ்ப்பாணத்தில் ஆசிரமம் வைத்திருந்து 1971-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவுக்குப் போன சூஃபி அவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். அங்கே கூடிய வெள்ளைக்காரர்களுக்கும் கறுப்பினத்தவர்க்கும் 1986-இல் மறையும்வரை தமிழிலேயே பேசினார். பக்கத்தில் ஒருவர் இருந்து ஆங்கிலத்தில் சொல்வார். கூட்டத்துக்கு வரும் கிறிஸ்தவ ஆசிரியர் ஒருவர் பீட் கிரிஃபித்ஸ் என்ற ஆங்கிலத் துறவியைக் கொண்டுவந்தார். வள்ளலாரையும் ரமணரையும் கிருஷ்ணமூர்த்தியையும் பேசுவது என் பொறுப்பு. நன்றாகப் பேசுவேன். கேட்டவர்கள் கண்கலங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

ரமணர் வரலாற்றில் தாயும் மகனும் சம்பந்தப்பட்ட மூன்று கட்டங்கள் உண்டு. மூன்றையும் நான் நன்றாக அறிவேன்.

வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன் 1896-இல் மதுரையிலிருந்து சொல்லாமல் கிளம்பித் திருவண்ணாமலைக்குப் போனான். 1898 டிசம்பரில் தாய் அழகம்மாள் பவழக்குன்றுக்கு வந்து பிள்ளையைக் கண்டுபிடித்தாள். வீட்டுக்கு வா என்று நாள்கணக்கில் அழுதாள். அவர் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஒரு தாளில், அவரவர் வினைப்படி நடப்பதுதான் நடக்கும், மௌனமாக இருப்பதே நல்லது என்ற பொருளில் எழுதிக் கொடுத்தார். தாய் திரும்பிப் போனாள். இது முதல் கட்டம்.

இரண்டாவது 1914. அழகம்மாள் மகனைப் பார்க்க மலைக்கு வந்த இடத்தில் கடும் காய்ச்சலில் படுத்துவிட்டாள். டைஃபாய்டு. விருபாட்ச குகையில் கிடந்த தாயை மகனே பக்கத்தில் இருந்து கவனித்தார். நடப்பது நடக்கும் என்று எழுதிக் கொடுத்த அதே மனிதர், தாயின் நோயைத் தணிக்கும்படி அருணாசலனை வேண்டி நான்கு பாடல்கள் எழுதினார். நடப்பதை மாற்றும்படி எதையும் கேட்டுப் பாடாதவர் என்று அவரைச் சொல்வார்கள். தாய்க்காகக் கேட்டார். 1916-லிருந்து அழகம்மாள் அவருடனேயே தங்கினாள்.

மூன்றாவது, 1922 மே 19. ஸ்கந்தாசிரமத்தில் தாயின் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. ரமணர் காலையில் போய் அருகில் உட்கார்ந்தார். ஒரு கையைத் தாயின் நெஞ்சிலும் மறு கையைத் தலையிலும் வைத்தார். இரவு எட்டு மணியளவில் உயிர் அடங்கும்வரை கையை எடுக்கவில்லை. அவளை அடக்கம் செய்த இடத்தைச் சுற்றித்தான் இன்றைய ரமணாசிரமம் எழுந்தது.

கூட்டத்தில் பேசும்போது மூன்றையும் சொல்வேன். மூன்றாவதைச் சொல்லும்போது என் குரல் தழுதழுக்கும், அது நடிப்பில்லை. ஆனால் வீட்டுக்கு வந்தால் எனக்கு 1898 மட்டும்தான் இருந்தது.

தங்கை பேராவூரணியிலிருந்து தன் குடும்பத்தை விட்டுவிட்டு வந்து தங்கியிருந்தாள். படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ராத்திரியிலும்தான். அவளும் என் மனைவியும் முறை வைத்துக்கொண்டு விழித்தார்கள். ஒருநாள் அவள் என் அறை வாசலில் வந்து நின்றாள். கையில் டெட்டால் வாளி. "அண்ணே, அம்மா ஒன்னயத்தான் கூப்பிடுது. ஏன் உள்ள வர மாட்டேங்குற?" என்று கேட்டாள். நான் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தி, பவழக்குன்றுத் தாளின் கதையைச் சொன்னேன். பெற்றவள் அழுதாலும் மகான் அசையவில்லை, அவரவர் வினையை அவரவர் கழிக்க வேண்டும் என்றேன். அவள் ஒரு வார்த்தை பேசாமல் வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

மனைவிக்குக் கிருஷ்ணமூர்த்தியைச் சொன்னேன். விடியும்வரை விழித்திருந்து அவள் அடுப்படியில் சுவரில் சாய்ந்து நின்ற நேரத்தில், நீ செய்வது பற்று, அன்பு வேறு, பற்றிருக்கும் இடத்தில் துன்பம் இருக்கத்தான் செய்யும் என்றேன். அந்த மனிதர் 1929-இல் ஹாலந்தின் ஓமனில் ஆயிரக்கணக்கானோர் முன்னால், தன்னை உலக குருவாக்க எழுப்பிய நட்சத்திர சங்கத்தையே கலைத்தார். எந்த குருவையும் பிடித்துத் தொங்காதீர்கள் என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னார். நான் அவர் சொல்லைப் பிடித்துக்கொண்டு மனைவியை அடித்தேன். வேறு எப்படிச் சொல்வது? அவருடைய தம்பி நித்யா 1925 நவம்பரில் காசநோயில் இறந்தபோது கிருஷ்ணமூர்த்தி இந்தியாவுக்கு வரும் கப்பலில் இருந்தார். தந்தி வந்தது. நாள்கணக்கில் தம்பியின் பெயரைச் சொல்லி அழுதார். அந்தத் துக்கத்துக்குள் முழுதாக இறங்கிய பிறகுதான் அவருக்கு மற்றதெல்லாம் பிறந்தது. எனக்கு அவருடைய முடிவுரைகள் போதுமாக இருந்தன.

அம்மா பிறந்தது ஆவுடையார்கோயில் பக்கத்துக் கிராமம். மாணிக்கவாசகரின் திருப்பெருந்துறை. கூட்டத்தில் ஒருமுறை அந்தக் கோயிலைப் பற்றிப் பேசினேன். ஆத்மநாதர் சன்னிதியில் லிங்கம் இல்லை; ஆவுடை மட்டும் இருக்கிறது. நந்தி இல்லை, கொடிமரம் இல்லை. உருவமற்ற பொருளை வணங்கும் இந்தக் கோயிலையும், உருவமில்லாத இறையைத் தொழும் பள்ளிவாசலையும், பாதை என்று ஒன்றில்லை என்ற கிருஷ்ணமூர்த்தியையும் ஒரே நூலில் கோத்தேன். பாய் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றிரவு அம்மாவின் அறை வாசலில் நின்று, உங்கள் ஊர்க் கோயிலைப் பற்றிப் பேசிவிட்டு வருகிறேன் என்று சொன்னேன். வாசலில் நின்றுதான். அம்மாவுக்குப் பேச்சு குழறும். மெல்லச் சேர்த்துச் சேர்த்துச் சொன்னாள்: "அங்க சோத்து ஆவிதானய்யா சாமிக்கு. அதச் சொன்னியா?"

சொல்லவில்லை. சன்னிதிக்கு முன்னால் படைக்கல்லில் புழுங்கலரிசிச் சோற்றை வடித்த சூட்டோடு கொட்டுவார்கள். கூடவே கீரையும் பாகற்காயும். எழும் ஆவிதான் ஆத்மநாதருக்கு நிவேதனம். உருவமே இல்லாத சாமிக்கும் ஒருவர் வேளை தவறாமல் உலை வைத்தாக வேண்டும் என்பதை அந்த ஊரில் பிறந்த ஒவ்வொரு பெண்ணும் அறிவாள். எனக்கு உருவமின்மைதான் பெரிதாகப் பட்டது. உலை கண்ணில் படவில்லை. வடலூரில் வள்ளலார் 1867-இல் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது என்று மேடையில் எத்தனையோ தரம் சொன்னவன் நான். பிலடெல்பியாவில் பாவா தன்னைத் தேடி வந்தவர்களுக்குத் தன் கையாலேயே சமைத்துப் போட்டார். ரமணர் விடியுமுன் எழுந்து ஆசிரமச் சமையலறையில் காய் நறுக்கினார். இவை தெரியாமல் இல்லை. அவர்களுடைய பெருமைக்கு அழகு சேர்க்கும் சில்லறைச் செய்திகளாக வைத்திருந்தேன்.

அம்மா மருத்துவமனையிலிருந்து இரண்டாவது தடவை வீடு திரும்பிய வாரத்தில், வீட்டில் ஆள் தேவைப்பட்ட நேரத்தில், நான் தியானத்துக்கு என்று கிளம்பினேன். புதுக்கோட்டை, திருச்சி வழியாகக் குளித்தலைக்குப் போய், காவிரிக் கரையில் தண்ணீர்ப்பள்ளி சாந்திவனத்தில் தங்கினேன். ஜூல்ஸ் மொன்ஷானேன், ஆன்ரி லெ சோ என்ற இரண்டு பிரெஞ்சுப் பாதிரிமார் 1950-இல் தொடங்கிய ஆசிரமம் அது. லெ சோதான் அபிஷிக்தானந்தர். 1949-இல் ரமணரைத் தரிசித்து வாழ்க்கையே திரும்பியவர். 1968-லிருந்து ஆசிரமத்தை நடத்தியவர் பீட் கிரிஃபித்ஸ். ஆக்ஸ்போர்டில் படித்த ஆங்கிலத் துறவி.

அங்கே அவருடைய கடைசிக் காலத்தைப் பற்றிப் படித்தேன். 1990 ஜனவரியில், 83 வயதில், அவருக்கும் பக்கவாதம் வந்தது. அதுவரை தலையாலேயே வாழ்ந்தேன், அந்தத் தாக்குதலுக்குப் பிறகுதான் அன்பு அலை அலையாக என்னை மூழ்கடித்தது, அது தாயாக வந்தது என்ற பொருளில் அவர் பேசியிருக்கிறார். 1992 டிசம்பருக்குப் பிறகு மீண்டும் தாக்கியது. 1993 மே மாதம் இறக்கும்வரை அவரை மற்றவர்கள்தான் தூக்கி, துடைத்து, ஊட்டிப் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவு படித்த மனிதர் தன் உடம்பைப் பிறர் கையில் கொடுத்துவிட்டுக் கிடந்தார். அதைப் படித்த நான் நெகிழ்ந்தேன், குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன், மாலைப் பிரார்த்தனைக்குப் போனேன். என் வீட்டிலும் ஒரு உயிர் அப்படித்தான் கிடக்கிறது என்று தோன்றவில்லை. தோன்றியது என்றுகூடச் சொல்லலாம். தோன்றியதைத் தள்ளிவிட்டுப் பிரார்த்தனைக்குப் போனேன் என்பதே சரி.

ஊர் திரும்பிய கொஞ்ச நாளில் பாய் அம்மாவைப் பார்க்க வந்தார். செருப்பைக் கழற்றியவர் நேரே உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "நல்லாருக்கியளாம்மா? சாப்புட்டியளா?" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அம்மாவின் வாயோரம் எச்சில் வழிந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்துத் துடைத்தார். அம்மா அவரிடம், "எம்மவன் என்னய நல்லாத்தான் பாத்துக்கிறான் தம்பி" என்றாள். நான் வாசலில் நின்றிருந்தேன். மனைவி அங்கேயே இருந்தாள். அவள் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்ற அம்மா பொய் சொன்னது அது முதல் தடவையில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்தே சொல்லியிருக்கிறாள்.

அந்த வார்த்தையைக் கேட்ட பிறகாவது உள்ளே போனேனா என்றால், போகவில்லை. ஐப்பசி மழையில் ஒரு விடியற்காலை அம்மா போய்விட்டாள். தங்கை பக்கத்தில் இருந்தாள்.

கூட்டத்தில் இப்போது நான் பேசுவதில்லை. மற்றவர்கள் பேசுவதைக் கேட்கப் போகிறேன். ரமணரையும் கிருஷ்ணமூர்த்தியையும் கைவிட்டுவிடவில்லை. அவர்கள்மீது எனக்கு ஒரு மனத்தாங்கலும் கிடையாது. மனைவியிடம் பேசிவிட்டேன். அவள், "இப்பவாச்சும் சொன்னீங்களே" என்றாள். மன்னித்ததாக அதற்கு நான் அர்த்தம் செய்துகொள்ளவில்லை.

தங்கையிடம் பேச வாய் வரவில்லை. அச்சில் வந்தால் அவள் படிப்பாள். வாளியோடு நின்று நீ கேட்டாயே, அதற்குப் பதில் இதுதான் தங்கச்சி. அந்த அறையின் நாற்றம் எனக்குப் பிடிக்கவில்லை. கோணிப்போன அம்மாவின் வாயைப் பார்க்கப் பயமாக இருந்தது. அவள் உடம்பைத் துடைக்க வெட்கமாக இருந்தது. பெண்கள் நீங்கள் இரண்டு பேர் இருக்கிறீர்கள், எப்படியும் செய்துவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் வரவில்லை. ரமணருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.