தம்பியின் டீயில் போடச் சொன்ன சர்க்கரை

பத்தாம் வகுப்புக்கு இன்சுலினைப் பாடமாக நடத்துகிற அறிவியல் ஆசிரியர் நான். எனக்குத் தெரியாமல் நடந்தது என்று எதையும் சொல்ல முடியாது.

2019 ஜூனில் ரத்தப் பரிசோதனை செய்தேன். வெறும் வயிற்றில் சர்க்கரை 112. மூன்று மாதச் சராசரி 6.1. சராசரி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோயின் எல்லையில் நிற்கிறோம் என்று பொருள். எடை 84 கிலோ. டாக்டர் இடுப்பில் டேப்பைச் சுற்றி, 90 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது என்றார். 101 இருந்தது. ஆறு கிலோ குறையுங்கள், வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் வேகமாக நடங்கள், தட்டில் பாதி காய்கறி, கால் பங்குதான் சோறு என்றார். கூடப்பிறந்தவர்களையும் பார்க்கச் சொன்னார்.

அந்த வாரமே தேடிப் படித்தேன். எடையைக் குறைத்து நடந்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது என்றது 2002இல் வந்த அமெரிக்க ஆய்வு. 2006இல் வெளியான சென்னை ஆய்வில் அது 28.5 சதவீதம். நம் உடம்பு, நம் சாப்பாடு. படித்துவிட்டுத்தான் ரிப்போர்ட்டை நான்காக மடித்து எல்.ஐ.சி. பத்திர உறைக்குள் வைத்தேன். அம்மா கடைசி வருடங்களில் இன்சுலின் ஊசியோடு பட்டதைப் பார்த்தவன் நான். பயந்தேன். நோயாளி என்று பெயர் வாங்கக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

மறு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்ட் டீக்கடை. தம்பி லோடு ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு வந்தான். என்னைப் போலவே தொப்பை. "எனக்குச் சர்க்கரை வேணாம்" என்றான் மாஸ்டரிடம். பிறகு என்னிடம், "அம்மாவுக்கு இருந்துச்சே, நானும் டெஸ்ட் எடுக்கட்டுமாண்ணா? நீ பாத்தியே, எவ்ளோ இருந்துச்சு?"

"எல்லாம் நார்மல்டா. எதுக்குக் காசைக் கரியாக்குற?" என்றேன். மாஸ்டரைப் பார்த்து, "அவனுக்கும் சர்க்கரை போடுங்க" என்றேன்.

அவன் சிரித்துக்கொண்டே குடித்தான். வாத்தியார் அண்ணன் சொன்னால் அவனுக்கு மறுபேச்சு இல்லை.

நான்கு வருடம் கழித்து, அவன் வலது காலில் செருப்பு கடித்த புண் ஆறவில்லை. அன்றுதான் முதன்முதலாகச் சர்க்கரை பார்த்தார்கள். 380. கட்டைவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. வண்டி மாதக்கணக்கில் வாசலில் நின்றது. பிளஸ் டூ முடித்த அவன் மகள் கல்லூரிக்குப் போகவில்லை, ஜவுளிக்கடைக்குப் போனாள். டீக்கடையில் கேட்ட அன்று அவனுக்கு எவ்வளவு இருந்ததோ, பார்க்கவிடாமல் செய்தவன் நான்.

ஆஸ்பத்திரியிலும் கேட்டான், "உனக்கு ஒண்ணும் இல்லையேண்ணா?" இல்லை என்றேன். கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டே இரண்டாம் முறையும் பொய் சொன்னேன்.

போன வாரம்தான் அந்த ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு போய் அவனிடம் கொடுத்தேன். தேதி இருந்த இடத்தில் விரலை வைத்து வெகுநேரம் பார்த்தான். உள்ளிருந்து அவன் மனைவி வரும் சத்தம் கேட்டது. சட்டென்று மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.